கேட்காமல் போட்ட பெயர்

செழியா,

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நீ அனுப்பிய இணைப்பைத் திறந்து பார்த்தேன். பக்கம் வெளிவந்துவிட்டது. ஐரோப்பாவில் வரவிருக்கும் விதிகளைப் பற்றிப் பொதுமக்களும் அமைப்புகளும் அனுப்பிய கருத்துகளின் வரிசையில், உன் அமைப்பின் மனுவுக்குக் கீழே, காத்திவாக்கம் ஓடையில் இறால் பிடிக்கும் பெண்ணிடம் நான் எழுதி வாங்கிய வாக்குமூலம் இருக்கிறது. மேலே அவளுடைய முழுப்பெயர், ஊர், கூடையோடு தண்ணீரில் நிற்கும் படம். ஆதாரம் அந்தப் பக்கமேதான். உன் அப்பாவின் ஃபோனிலும் எதிர்வீட்டுக்காரரின் ஃபோனிலும் திறந்து சரிபார்த்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

உறுதியாகாத இன்னொன்று இருக்கிறது. அவளுடைய மகன், அவள் எந்த ஆலையைப் பற்றி அந்த வாக்குமூலத்தில் பேசியிருக்கிறாளோ அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. புதன்கிழமை காலை ஷிப்டுக்குப் போனவனை வாசலில் சூப்பர்வைசர் நிறுத்தி, உள்ளே போகும் பாஸைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி கேட்டிருக்கிறார்: "இன்னாடா, உங்கம்மா ஃபாரின்ல பேசிகினு கீதாமே?" பிறகு பாஸைத் திருப்பிக் கொடுத்து உள்ளே விட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவன் தன் அம்மாவுக்கு ஃபோனில் சொன்னான், அவள் எனக்குச் சொன்னாள், நான் அவனுக்கே ஃபோன் செய்து கேட்டுக்கொண்டேன். ஆனாலும் இது ஒரே ஆள் சொன்ன தகவல். சூப்பர்வைசர் எதைப் படித்தார், அவரிடம் யார் சொன்னார்கள், மேலே யாருக்குத் தெரியும், எதுவும் எனக்குத் தெரியாது. என் தொழிலில் இதைச் செய்தி என்று எழுதமாட்டோம். செய்தியாகாத அந்த ஒரு வரிதான் நேற்றிலிருந்து என்னை வேறு வேலை செய்யவிடவில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் நீதான் படிக்கிறாய். பத்திரிகையிலும் போடலாமா என்று அவளையும் மகனையும் கேட்டிருக்கிறேன். முழுவதையும் படித்துக் காட்டிய பிறகு இருவரும் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். உண்மைப் பெயர் வேண்டாம் என்று நானே சொன்னேன். "எங்க மாமியா பேர போட்டுக்கோ. தேசம்மா. செத்து எட்டு வருசமாவுது, அத எவன் இன்னா பண்ணுவான்? உயிரோட இருந்தப்பவே எந்தக் கம்பெனிக்காரனாலயும் அது வாய மூட முடில" என்றாள். ஆகவே இனி அவள் தேசம்மா. அவள் மகன் குமார். முப்பத்திரண்டு வருடம் நிருபராக இருந்து நான் ஒருவர் பெயரையும் மாற்றி எழுதியதில்லை. எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

நீ பிரஸ்ஸல்ஸுக்குப் போன புதிதில், வீடியோவில் எனக்கு ஒரு கூடத்தைக் காட்டினாய், நினைவிருக்கிறதா? வட்ட மேசைகள், காதில் கருவி மாட்டிய மனிதர்கள். அவர்கள் அதிகாரிகள் இல்லை, குலுக்கலில் தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்த சாதாரண ஜனங்கள் என்றாய். பஸ் ஓட்டுகிறவர், செவிலியர், மாடு வளர்க்கிறவர். ஒருவர் பேசுவது மற்றவர் மொழியில் காதில் விழுகிறது. ஒரு சட்டம் எழுதும் முன் இவர்களையும் கேட்கிறார்கள், எங்களைப் போன்ற அமைப்புகளையும் கேட்கிறார்கள், இணையத்தில் எல்லோரையும் கேட்கிறார்கள் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். நான் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டேன். "இவங்க சொன்னது என்ன ஆச்சுன்னு திரும்ப இவங்களுக்கு யாரு சொல்றது?" நீ சிரித்தாய். "அதுக்கும் பதில் எழுதணும்மா. எதை எடுத்துக்கிட்டோம், எதை ஏன் விட்டோம்னு காரணம் சொல்லணும்." அன்று நீ ஃபோனை வைத்த பிறகு நான் சமையலறையில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அது மகிழ்ச்சியில்லை, பொறாமைதான். ஏனென்றால் கருத்துக் கேட்பு என்றால் நான் பார்த்தது வேறு. அதில் ஒன்றை உன்னிடம் இதுவரை மறைத்து வைத்திருக்கிறேன்.

நீ ஆறாவது படிக்கும்போது, அந்த ஆலையை விரிவாக்குவதற்கு ஒரு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். மணவறை இருக்கும் மேடையில் அதிகாரிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். டீ வாங்குகிறவர்கள் ஒரு நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர்கள் கைநாட்டு. எத்தனை டீ என்று கணக்குக்காக என்றார்கள். வெயிலில் நடந்து வந்தவர்கள் வரிசையாக நின்று போட்டார்கள். நானும் போட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆலைக்காரர்கள் படம் போட்டு விளக்கினார்கள், இரண்டு பேர் வரவேற்றுப் பேசினார்கள். நிருபர்களுக்குக் கையில் கொடுத்த குறிப்பை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். வழியில் ஒரு கடையிலிருந்து ஃபோனில் செய்தியைச் சொன்னேன். கடைசி வரியாக, "கூட்டத்தில் எதிர்ப்பு ஏதும் எழவில்லை" என்று சேர்த்தேன். அது குறிப்பில் இருந்த வரி. நான் கேட்டு எழுதியதில்லை.

நான் எங்கே கிளம்பினேன் என்று கேட்பாய். உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு. நீ டிராஃபிக் போலீஸாக நடித்தாய், விசில் தொண்டைக்குள் போய்விடுமோ என்று நான் முன்வரிசையில் பயந்துகொண்டே பார்த்தேன். அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சரியான நேரத்துக்கு வந்தாள் என்று நீ இன்றும் உன் நண்பர்களிடம் சொல்வாயே, அந்த ஒரே ஒரு தடவை அதுதான். உன்மேல் பாரத்தை ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. விழாவுக்கு வந்தது சரிதான். வந்துவிட்டு, இருந்து கேட்டவள்போல் எழுதியதுதான் தவறு.

மறுநாள் காலை நம் காலடிப்பேட்டை வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் குழந்தை, அதுதான் குமார். கையில் எங்கள் பேப்பர். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கொழுந்தன் படித்துக் காட்டியிருக்கிறான். "நீதான பேப்பர்க்கா? நேத்து முக்கா மணி நேரம் மைக்க புடிச்சிகினு பேசினேன். மேல குந்திகினு இருந்த ஆபீசரு ரெண்டு வாட்டி தண்ணி குடிச்சாரு. ஜனம்லாம் கை தட்டிச்சு. உன் பேப்பர்ல நான் எங்க கீறேன், கொஞ்சம் காட்டு?" நான் திருத்தம் போடச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆபீஸில், அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். சில வாரங்கள் கழித்துக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கைக்குக் கிடைத்தது. பின்னிணைப்பில், திட்டத்தை வரவேற்றுக் கலந்துகொண்டவர்கள் என்ற தலைப்பில், அந்த டீ நோட்டை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். தேசம்மாவின் கைநாட்டு இருந்தது. நான்கு பெயர் தள்ளி என் கையெழுத்தும் இருந்தது. அதை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதினால், நான் பாதியில் எழுந்து போனதையும் எழுத வேண்டும். தேசம்மாவிடம் வாயால் சொன்னதோடு சரி. எழுதவில்லை.

அதன் பிறகு தேசம்மா என்னோடு பேசாமல் போகவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். ஓடையில் எது நடந்தாலும் முதல் ஃபோன் எனக்குத்தான். தண்ணீர் சுட்டால் சொல்வாள், மீன் செத்து ஒதுங்கினால் சொல்வாள், ஆலையின் குழாயிலிருந்து வருவது நிறம் மாறினால் சொல்வாள். சிலவற்றை எழுதினேன். பல வருடம் இப்படிப் போனது. இந்த வருடம் நீ கூப்பிட்டு, ஐரோப்பாவில் பொருள் விற்கும் கம்பெனிகள் அந்தப் பொருள் செய்யப்படும் ஊரில் தண்ணீருக்கும் ஆளுக்கும் என்ன கெடுதல் நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று விதி வரப்போகிறது, அதற்குக் கருத்துக் கேட்கிறார்கள், அந்த ஆலையின் வார்ப்புப் பாகங்கள் ஐரோப்பாவுக்குத்தான் வருகின்றன, அங்கிருந்து ஒரு குரல் வேண்டும் என்றாய். என் மனதில் வந்த பெயர் ஒன்றுதான். இருபது வருடம் கழித்து அந்த வரியைத் திருத்த ஒரு இடம் கிடைத்தது என்று நினைத்தேன். செழியா, ஒரு நிருபர் தன் பழைய தவறைச் சரிசெய்யக் கிளம்பும்போதுதான் மிகவும் அவசரப்படுகிறாள்.

நீ அனுப்பிய படிவத்தை நான்தான் நிரப்பினேன். கருத்துச் சொல்பவரின் பெயரை வெளியிடலாமா, மறைக்க வேண்டுமா என்று அதில் இரண்டு வட்டங்கள் இருந்தன. நான் யோசிக்கவே இல்லை. பெயர் இல்லாத வாக்குமூலத்தை எந்த ஆசிரியரும் என்னிடம் வாங்கியதில்லை, நானும் யாரிடமும் வாங்கியதில்லை. வெளியிடலாம் என்பதைத் தொட்டேன். அன்று சாயங்காலம் நீ ஃபோனில் கேட்டாய்: "அம்மா, இது எல்லாரும் பாக்கற மாதிரி ஓப்பனா வரும்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்க இல்ல?" நான், "சொல்லிட்டேன்டா" என்றேன்.

சொல்லவில்லை. நான் அவளிடம் கேட்டது, "உன் பேரைப் போட்டுக்கட்டுமா?" என்பது மட்டும்தான். அவள், "போட்டுக்கோ, இந்த வாட்டியாவது போடு" என்றாள். அந்தப் பதிலில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவள் மனதில் இருந்தது எங்கோ ஒரு அதிகாரி மேசையில் இருக்கும் காகிதம். ஆலை வாசலில் ஒருவர் தன் ஃபோனில் திறந்து பார்க்கும் பக்கம் இல்லை. குமார் அங்கே வேலை செய்கிறான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. உன்னிடம் சொன்ன பொய்யை இங்கே எழுதி வைக்கிறேன். உன் அமைப்பில் இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.

செவ்வாய்க்கிழமை பக்கத்தைப் பார்த்த பிறகுதான் குமார் எங்கே வேலை செய்கிறான் என்பது எனக்கு உறைத்தது. உன்னைக் கூப்பிட்டேன். "பேரை எடுக்கச் சொல்லி எழுதட்டுமாம்மா?" என்று கேட்டாய். "உடனே எழுது" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீயும் எழுதிவிட்டாய். அப்போது அது சரியான காரியம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்குக் காத்திவாக்கம் போனேன். கடல் வற்றும் நேரம், ஓடையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தேசம்மா ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பறி என்கிற அந்தச் சின்ன ஓலைக்கூடையின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் தடவுவார்கள், நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். வாயில் பறி இருக்கும்வரை பேச்சு இல்லை. நான் கரையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் பார்க்கும்படி வரும் என்று சொல்லாமல் விட்டது, வட்டத்தைத் தொட்டது, உன்னிடம் பொய் சொன்னது. அவள் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் சேற்றில் போய் வந்தது. கடைசியாக, பயப்படாதே, பெயரை எடுக்கச் சொல்லி என் மகன் எழுதிவிட்டான் என்றேன். அவள் நிமிர்ந்து பறியைக் கையில் எடுத்தாள்.

"எடுக்கச் சொல்லிட்டியா?"

"நேத்தே சொல்லியாச்சு."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"குமாருக்காகத்தான் தேசம்மா" என்றேன்.

"குமாரு உனக்குப் புள்ளயா, எனக்குப் புள்ளயா?" தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தாள். "போடசொல்லவும் சரியா கேக்கல, எடுக்கசொல்லவும் கேக்கல. இன்னாக்கா இது, என் பேரு உன் வூட்டு கொடில காயற துணியா? வெயில் அடிச்சா போடறே, மழ வந்தா எடுக்கறே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பறியைக் கீழே வைத்து, முந்தானையைப் பிழிந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் முழுவதும் சாம்பல் நிறச் சேறு. அதை வழித்துவிட்டபடி கேட்டாள், "பேர எடுத்தா நான் சொன்னதும் போய்டுமா?"

"இல்லை. சொன்னது இருக்கும். பேரும் படமும் மட்டும் இருக்காது."

"அப்ப அத யாரு சொன்னதுனு போடுவான்?"

"இந்த ஊர்ல ஒருத்தர்னு."

"அன்னிக்கு டீ குடிச்ச நோட்டுல என் கைநாட்டு இன்னும் கீதுல்ல? சரின்னு சொன்னதுக்கு நான் கீறேன். வேணாம்னு சொன்னதுக்கு யாரோ ஒருத்தரா?"

"பயமா இல்லையா உனக்கு?" என்றேன்.

"இல்லாம? காலைலேர்ந்து சோறு எறங்கல. அவன் ஷிப்டு முடிஞ்சி வர்ற வரைக்கும் தெருவையே பாத்துகினு குந்தினு இருந்தேன், அப்பறம்தான் தண்ணில எறங்கினேன். பாஸு போச்சுனா அவனுக்கு அடுத்த வேல எங்க கீது, சொல்லு?" பறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம அவனுக்கு லீவு. வேல அவன்து, பேரு என்து. ரெண்டு பேரும் பேசிட்டு ஒரே பதிலா சொல்றோம். அதுவரைக்கும் நீ ஒண்ணும் பண்ணாத. உன் புள்ளையையும் சும்மா இருக்க சொல்லு" என்றாள். நான் எழுந்தபோது, "நீயும் சோத்த துன்னு. உன் மூஞ்ச பாத்தா எனக்கு இன்னும் பேஜாரா கீது" என்றாள்.

செழியா, நீ அங்கே செய்யும் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் காதுக் கருவியோடு உட்கார்ந்திருந்தவர்களை இன்னமும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே குலுக்கலில் வந்த பஸ் டிரைவர், பேசி முடித்துவிட்டு மறுநாள் தன் பஸ்ஸை எடுக்கப் போவார், அவரை யாரும் வாசலில் நிறுத்திப் பாஸைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். உங்கள் படிவம் அவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்த இரண்டு வட்டங்களுக்கு நடுவில் என்னென்ன இருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும், நீ இந்தக் கரையில் வளர்ந்தவன். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை ஒருவரிடம் கேட்கும்போது, யார் படிப்பார்கள், எங்கே வரும், உன் வீட்டில் யார் எங்கே வேலை செய்கிறார்கள், வேண்டாம் என்று பின்னால் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேள். கேட்டவுடன் பதில் வாங்காதே. அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரட்டும். அதற்குள் கெடு முடிந்துவிடும் என்று உன் அலுவலகம் சொன்னால், அந்த மனு அந்தக் குரல் இல்லாமல் போகட்டும். நீக்குவதற்கும் இதே விதிதான். பயத்தில் எடுப்பது மட்டும் தானாகவே சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

உன்னைப் பற்றிய பயமும் இருக்கிறது, அதை ஒளிக்கவில்லை. அந்தப் பக்கத்தில், தொடர்புக்கு என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. நான் முதலில் பார்த்தது அவள் பெயரை. இரண்டாவதாகப் பார்த்தது அதை. பொங்கலுக்கு நீ வரும்போது யார் உன்னிடம் என்ன கேட்பார்களோ என்று மனம் ஓடுகிறது. உன் அப்பா, "அவன் பேரை அவனே போட்டுக்கிட்டான், அவனைக் கேள்" என்கிறார். அவர் சொல்வது சரி. வந்தபின் கேட்கிறேன்.

இன்று வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. இந்த நேரத்தில் பெயரும் படமும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. இப்போதுதான் மறுபடியும் பார்த்தேன். குமார் இன்று காலையும் உள்ளே போயிருக்கிறான், வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ அனுப்பிய நீக்கல் கோரிக்கைக்கு ஐந்து வேலை நாளில் பதில் வரும் என்று அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் அனுப்பிய ரசீதில் இருக்கிறது. அது வருகிற செவ்வாய்க்கிழமை. அதைத் திங்கள்வரை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்றே எழுது, நிறுத்த முடியுமா என்பது தெரியவில்லை. குமாரின் பாஸ் வருகிற புதன்கிழமையோடு முடிகிறது, புதுப்பிப்பது அதே சூப்பர்வைசர் கையில். தேசம்மாவின் பதில் ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்ணீர் இறங்கும் நேரத்தில். நான் போய்க் கேட்டு, அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே உனக்கு அனுப்புகிறேன். அதற்குள் நான் பயந்துபோய் ஃபோன் செய்து, எடு என்றாலும், வேண்டாம் என்றாலும், அழுதாலும், என் பேச்சைக் கேட்காதே.

அம்மா